ஒரு சொல்லை நீக்க ஒரு நாடே வாக்களித்தது ஏன்?

கேள்வி: அயர்லாந்தில் சட்ட முதுகலை படிக்கிறேன். மதநிந்தனைக் குற்றத்தை அந்நாட்டு அரசமைப்பிலிருந்து நீக்கிய 2018ஆம் ஆண்டு வாக்கெடுப்பைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். வகுப்பில் பேச்சு வந்தபோது, யாரையும் தண்டிக்காத ஒரு சட்டத்தை நீக்க ஒரு நாடே ஓட்டுப் போட வேண்டுமா, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் குற்றம் ஏன் அவதூறுச் சட்டத்துக்குள் இருந்தது என்பதும் புரியவில்லை. ஊரில் இருக்கும் அப்பாவிடம் சொன்னால், ஒரு மனிதனின் பெயரைக் கெடுப்பது குற்றம் என்றால், கோடிப் பேர் கும்பிடும் கடவுளைப் பழிப்பது அதைவிடப் பெரிய குற்றம் ஆகாதா என்கிறார். அவருக்கும் பதில் வேண்டும். நம் நாட்டில் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 295ஏ பிரிவை மாற்ற இதே வழி உதவுமா?
வாசகி, டப்ளின்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

உங்கள் நண்பரின் கேள்வியை எடுத்த எடுப்பில் தள்ளிவிடாதீர்கள். அயர்லாந்தின் சட்டச் சீர்திருத்த ஆணையமே 1991இல் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. மதநிந்தனைக் குற்றம் போக வேண்டியதுதான், ஆனால் அதற்காக மட்டும் ஒரு வாக்கெடுப்பு நடத்தினால் அது நேரத்துக்கும் பணத்துக்கும் பிடித்த கேடாகவே மக்களுக்குத் தோன்றும், அப்படித் தோன்றுவது நியாயமும்கூட, ஆகவே வேறு திருத்தங்கள் வரும்போது இதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் அறிக்கையின் சாரம். அன்றைய நிலையில் இதில் பெரிய பிழை சொல்ல முடியாது. அந்த மண்ணில் மதநிந்தனைக்காக ஒருவர் கடைசியாகக் குற்றக் கூண்டில் ஏறியதாகத் தெரிவது 1855இல். இன்று டன் லீரி எனப்படும் ஊரில் பைபிள் பிரதிகளை எரித்ததாக ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் மேல் வழக்கு, அவரும் விடுதலையாகிவிட்டார்.

ஆனாலும் அந்தச் சட்டத்தைச் சும்மா விட்டுவைக்க முடியாமல் போனது. காரணம் அரசமைப்பின் வாக்கிய அமைப்பிலேயே இருந்தது. 1937ஆம் ஆண்டு அரசமைப்பின் 40.6.1ஆம் உறுப்பு, குடிமக்களின் கருத்துச் சுதந்திரத்துக்கு உறுதி அளித்த கையோடு, மதநிந்தனையான, அரசுக்கு எதிராகத் தூண்டுகிற அல்லது ஆபாசமான எதையும் வெளியிடுவதும் கூறுவதும் சட்டப்படி தண்டிக்கப்பட வேண்டிய குற்றம் என்றது. 'தண்டிக்கலாம்' என்று மட்டும் எழுதியிருந்தால் நாடாளுமன்றம் நினைத்த நாளில் அந்தக் குற்றத்தைக் கைவிட்டிருக்கும். 'தண்டிக்கப்பட வேண்டிய' என்று எழுதியதால், உரிமைக்குப் போட்ட வேலியாக நிற்க வேண்டியது நாடாளுமன்றத்தின் தலையில் ஏற்றிய கடமையாகவும் ஆகிவிட்டது. கடமையைச் சொன்ன அரசமைப்பு, எது மதநிந்தனை என்று சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டு அவதூறுச் சட்டமும் அந்தக் குற்றத்துக்கு அபராதமும் சிறையும் உண்டு என்றதே ஒழிய, குற்றத்தை வரையறுக்கவில்லை.

இந்த ஓட்டையை வெளியே கொண்டுவந்தது ஒரு கேலிச்சித்திரம். 1995 நவம்பரில் விவாகரத்தை அனுமதிக்கும் வாக்கெடுப்பு நூலிழையில் வென்றது. எதிர்த்தவர்களின் சுவரொட்டிகளில், விவாகரத்து உள்ளே வந்தால் அப்பா வெளியே போய்விடுவார் என்ற பொருளில் ஒரு முழக்கம் இருந்தது. வாக்கெடுப்பு முடிந்த அதே வார இறுதியில் ஒரு ஞாயிறு இதழில் வந்த சித்திரத்தில், உருண்டு திரண்ட பாதிரியார் ஒருவர் ஒரு கையில் நற்கருணை அப்பத்தையும் மறு கையில் கிண்ணத்தையும் நீட்டிக்கொண்டிருக்கிறார்; அன்றைய ஆட்சிக் கூட்டணியைச் சேர்ந்த அரசியல்வாதிகள் மூவர் அவருக்கு முகம் கொடுக்காமல் விலகுகிறார்கள்; கீழே அந்தச் சுவரொட்டி முழக்கத்தையே திருப்பி, முன்னேற்றம் வருகிறது, ஃபாதர் போகிறார் என்று எழுதியிருக்கிறது. இதைப் பார்த்து மனம் நொந்த குடிமகன் ஒருவர் இதழின் மேல் குற்ற வழக்குத் தொடர நீதிமன்ற அனுமதி கேட்டார். உயர் நீதிமன்றம் மறுத்தது. 1999இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது.

நீதிபதி பாரிங்டன் எழுதிய அந்தத் தீர்ப்பை நீங்கள் மூலத்திலேயே படிக்க வேண்டும், நீளமானதல்ல. மதநிந்தனை என்ற குற்றம் இங்கிலாந்தில் அரசின் அங்கமாக இருந்த திருச்சபையைக் காக்க வளர்ந்தது. அயர்லாந்திலோ அப்படியொரு அரசுத் திருச்சபை 1869ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முடிந்துபோயிற்று. புதிய அரசமைப்பு எல்லாச் சமயத்தாருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் அளித்திருக்கிறது. அப்படியானால் பழைய குற்றம் யாரைக் காக்கிறது, கத்தோலிக்கரையா, எல்லாக் கிறிஸ்தவரையுமா, யூதர், முஸ்லிம், இந்துக்களையுமா? ஒரு சமயத்தின் அடிப்படைக் கொள்கையே இன்னொரு சமயத்தின் கண்ணில் நிந்தனையாக இருக்கும்போது என்ன செய்வது? இதற்கெல்லாம் நாடாளுமன்றம் பதில் சொல்லாதவரை இந்தக் குற்றம் எதனால் ஆனது என்றே சொல்ல இயலாது, ஆகவே வழக்கை அனுமதிக்க முடியாது என்று நீதிமன்றம் நிறுத்திக்கொண்டது. அரசமைப்பு கட்டளையிடுகிற, ஆனால் எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாத விசித்திரமான ஒரு குற்றம் மிஞ்சியது.

அப்படியே விட்டிருக்கலாமே என்கிறார் உங்கள் நண்பர். பத்து ஆண்டுகள் விட்டுத்தான் பார்த்தார்கள். சிக்கல் எங்கிருந்து வந்தது என்றால், அவதூறுச் சட்டத்திலிருந்து வந்தது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. பழைய ஆங்கிலேய வழக்குச் சட்டத்தில் 'லைபல்' என்ற சொல்லுக்குப் பெயரைக் கெடுப்பது என்ற இன்றைய பொருள் மட்டும் இருக்கவில்லை. சிறு நூல் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்த அது, அச்சில் வந்து தொல்லை கொடுக்கும் எழுத்து எதையும் குறித்தது. மனிதரைத் தாக்கினால் அவதூறு லைபல், அரசைத் தாக்கினால் ராஜத்துரோக லைபல், ஒழுக்கத்தைத் தாக்கினால் ஆபாச லைபல், கடவுளைத் தாக்கினால் மதநிந்தனை லைபல் என்று நான்கும் ஒரே வீட்டில் குடியிருந்தன. அச்சு இயந்திரத்தைக் கண்டு ஆட்சியாளர்களுக்கு இருந்த பயம் ஒன்றைத் தவிர இந்த நான்குக்கும் பொதுவானது எதுவும் இல்லை. எனவே மதநிந்தனை அவதூறுச் சட்டத்துக்குள் இருந்ததற்கு ஒரு கொள்கையைத் தேடி அலையாதீர்கள்; பெயரளவில் ஒட்டிக்கொண்ட வரலாற்று விபத்து அது.

2009இல் அயர்லாந்து தன் அவதூறுச் சட்டத்தை முழுதாக மாற்றி எழுதியபோது இந்த விபத்தின் விலை தெரிந்தது. புதிய சட்டத்தின் 35ஆம் பிரிவு, அவதூறு, ராஜத்துரோகம், ஆபாசம் ஆகிய மூன்று லைபல் குற்றங்களையும் ஒரே வரியில் ஒழித்துக்கட்டியது. அந்நாட்டில் ஒருவரின் பெயரைக் கெடுத்ததற்காகச் சிறைக்குப் போகும் நிலை அன்றோடு தீர்ந்தது. அடுத்த பிரிவு, 36ஆம் பிரிவு, மதநிந்தனையைப் புதிதாக உருவாக்கியது. பழைய சட்டத்தை நீக்கிவிட்டுப் புதிய பிரிவு எதுவும் வைக்காவிட்டால் அரசமைப்புக் கட்டளை வெற்றிடத்தில் நிற்கும், ஒன்று வாக்கெடுப்பு நடத்த வேண்டும், இல்லையேல் குற்றத்தை வரையறுக்க வேண்டும் என்பது நீதியமைச்சர் டெர்மட் அஹெர்ன் வைத்த வாதம். பொருளாதார நெருக்கடி நடுவில் வாக்கெடுப்புக்கு யாரும் தயாராக இல்லை, வரையறை வந்தது.

அந்த வரையறையை உரித்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு சமயம் புனிதமாகக் கருதும் ஒன்றைப் பற்றி மிகக் கடுமையாக இழிவுபடுத்தும் அல்லது அவமதிக்கும் எழுத்தோ பேச்சோ இருக்க வேண்டும். அதனால் அந்தச் சமயத்தாரில் கணிசமான எண்ணிக்கையினர் கொதித்தெழ வேண்டும். அப்படிக் கொதிக்க வைப்பதே பேசியவரின் நோக்கமாகவும் இருக்க வேண்டும். இவை மூன்றும் நிரூபணமானாலும், அதில் உண்மையான இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் அல்லது கல்வி மதிப்பு இருப்பதாக ஒரு நியாயமான மனிதருக்குப் படும் என்று காட்டினால் தப்பித்துக்கொள்ளலாம். தண்டனை அபராதம் மட்டுமே, உச்சவரம்பு 25,000 யூரோ. முதல் வரைவில் அது ஒரு லட்சமாக இருந்தது. வழக்கே வரக் கூடாது என்ற எண்ணத்தோடு தைத்த சட்டை இது என்பது படித்தவுடன் தெரியும்; அதைச் சாமர்த்தியம் என்று பாராட்டியவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தண்டிப்பதற்காக எழுதாத குற்றப் பிரிவைப் பிற்காலத்தில் யாரோ ஒருவர் தண்டிப்பதற்காகவே படிப்பார்.

படித்தார்கள். சட்டம் நிறைவேறிய சில மாதங்களிலேயே, ஐக்கிய நாடுகள் அமைப்பின் ஜெனீவாக் கூட்டம் ஒன்றில் மத அவமதிப்பை உலகளவில் தடைசெய்யக் கோரிப் பாகிஸ்தான் முன்வைத்த வாசகத்தில் அயர்லாந்துப் பிரிவின் சொற்கள் ஏறக்குறைய அப்படியே இடம்பெற்றன. டப்ளினில் தூங்குவதற்காக எழுதிய வாக்கியம் ஜெனீவாவில் விழித்துக்கொண்டது. ஓர் ஐரோப்பிய மக்களாட்சியே 2009இல் இப்படிச் சட்டம் செய்திருக்கும்போது எங்களை மட்டும் ஏன் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்கு அயர்லாந்தின் அரசதந்திரிகளால் நேர்ப் பதில் சொல்ல முடியவில்லை. யாரையும் தண்டிக்காத சட்டம் யாருக்கும் கேடு செய்யாது என்ற வாதத்துக்கு உங்கள் கட்டுரையில் நீங்கள் வைக்க வேண்டிய முதல் மறுப்பு இதுதான்.

இரண்டாவது மறுப்பு நடிகர் ஸ்டீஃபன் ஃபிரையின் விவகாரம். 2015இல் அயர்லாந்துத் தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில், சொர்க்க வாசலில் கடவுளைச் சந்தித்தால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டதற்கு, குழந்தைகளுக்குப் புற்றுநோய் தரும் உலகத்தைப் படைத்தவரிடம் கடுமையாகத்தான் பேசுவேன் என்ற போக்கில் அவர் விடையளித்தார். அதைப் பார்த்த ஒருவர் காவல் நிலையம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார். தனக்குத் தனிப்பட்ட முறையில் மனம் புண்படவில்லை, குற்றம் நடந்திருக்கிறது, அதனால் தெரிவிக்கிறேன் என்றார் அவர். 2017 மே மாதம் செய்தி வெளியானபோது உலகமே சிரித்தது. கொதித்தெழுந்த 'கணிசமான எண்ணிக்கையினர்' கிடைக்கவில்லை என்பதால் காவல்துறை கோப்பை மூடியது. வேடிக்கையாக, இந்தச் செய்தியைப் படித்த நியூசிலாந்துக்காரர்கள் தங்கள் நாட்டிலும் அப்படி ஒரு பிரிவு தூசி படிந்து கிடப்பதைக் கண்டுபிடித்து 2019இல் நீக்கினார்கள்.

கோப்பு மூடப்பட்டது பெரிதல்ல. மூடப்பட்ட காரணத்தைப் பாருங்கள். போதுமான பேர் கோபப்படவில்லை என்பதே காரணம். அப்படியென்றால் அடுத்த முறை போதுமான பேர் கோபப்பட்டால் அதே சொற்கள் குற்றமாகிவிடும். சொன்னவரின் செயலை அளக்க வேண்டிய சட்டம் கேட்டவர்களின் கூச்சலை அளக்கிறது. கூச்சலைப் பெருக்குபவருக்குப் பரிசும் கொடுக்கிறது.

மூன்றாவது மறுப்பு எந்த வழக்கேட்டிலும் கிடைக்காது. என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழ் ஆசிரியர் அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களோடு என்னிடம் வந்தார். ஒரு சிறுகதையில் நான்கு வரிகளைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். ஒரு பாட்டி சாமி படத்தைத் திட்டும் இடம். வழக்கு வருமா என்று கேட்டார். வந்தாலும் நிற்காது என்றேன். நிற்காத வழக்குக்கு எத்தனை முறை நீதிமன்றம் போக வேண்டியிருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து அந்த நான்கு வரிகளையும் என் மேசையிலேயே அடித்துவிட்டு எழுந்து போனார். அந்தக் கதை நான்கு வரி குறைவாகவே வெளிவந்தது. அந்தச் சட்டம் அன்று யாரையும் தண்டிக்கவில்லை என்றுதான் புள்ளிவிவரம் சொல்லும்.

இனி வாக்கெடுப்புக்கு வருவோம். அயர்லாந்து அரசமைப்பில் ஒரு சொல்லை மாற்றுவதானாலும், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மசோதாவை நிறைவேற்றிய பின் மக்கள் வாக்களித்தே ஆக வேண்டும். 46, 47ஆம் உறுப்புகள் வேறு வழி விடவில்லை. ஐரிஷ் மொழி வாசகமும் ஆங்கில வாசகமும் முரண்பட்டால் ஐரிஷ் வாசகமே செல்லும் என்பதால் இரண்டு மொழிகளிலும் சொல்லை நீக்க வேண்டியிருந்தது. 2013 நவம்பரில் குடிமக்கள் 66 பேரும் அரசியல்வாதிகள் 33 பேரும் ஒரு தலைவருமாக அமைந்த அரசமைப்பு மாநாடு இதை விவாதித்து, இந்தக் குற்றம் இருக்கக் கூடாது என்று 61 விழுக்காட்டு ஆதரவோடு பரிந்துரைத்தது. 1991இல் ஆணையம் சொன்ன சிக்கன யோசனை ஒருவழியாகப் பலித்தது: 2018 அக்டோபர் 26 அன்று குடியரசுத் தலைவர் தேர்தலோடு சேர்த்தே வாக்கெடுப்பு நடந்தது. 64.85 விழுக்காட்டினர் நீக்கத்தை ஆதரித்தார்கள். கத்தோலிக்க ஆயர்களே இந்தச் சொல் பெரும்பாலும் காலாவதியாகிவிட்டது என்றும், உலகின் பிற பகுதிகளில் சிறுபான்மையினரை ஒடுக்க இத்தகைய சட்டங்கள் பயன்படுவது கவலை தருகிறது என்றும் சொல்லியிருந்தார்கள். அப்பாவிடம் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

அந்த ஒரு வாரத்தைக் கட்டுரையின் தொடக்கமாக வைக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்டோபர் 25 அன்று, நபிகள் நாயகத்தைப் பற்றிப் பேசிய கருத்தரங்கு உரைகளுக்காக ஆஸ்திரியப் பெண்மணி ஒருவருக்கு விதித்த 480 யூரோ அபராதம் கருத்துச் சுதந்திரத்தை மீறவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 26 அன்று அயர்லாந்து வாக்களித்தது. 31 அன்று, மதநிந்தனைக்காகத் தூக்குத் தண்டனை பெற்று எட்டு ஆண்டுகள் சிறையில் காத்திருந்த ஆசியா பீபியைப் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதைக் கண்டித்துத் தெருக்கள் எரிந்தன. ஒரே குற்றத்தின் மூன்று பருவங்கள் ஏழு நாளில் அடுத்தடுத்து வந்து போயின.

வாக்கெடுப்போடு வேலை முடியவில்லை என்பதையும் கவனியுங்கள். அரசமைப்புக் கட்டளை போனதே தவிர 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆம் பிரிவு அப்படியே இருந்தது. அதை நீக்க 2019 டிசம்பரில் தனிச் சட்டம் வந்து, 2020 ஜனவரியில் நடைமுறையானது. 1923ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தில் ஒளிந்திருந்த அதே சொல்லையும் அது தேடிப் பிடித்து எடுத்தது. இந்தத் துப்புரவுப் பணியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை; நீங்கள் எழுதுங்கள்.

இப்போது அப்பாவின் கேள்வி. அவர் கேட்பதில் ஓர் எடுகோள் இருக்கிறது: அவதூறும் மதநிந்தனையும் ஒரே வகைத் தீங்கு, அளவில்தான் பெரியது சிறியது என்பது. அவதூறு வழக்கில் வாதி என்ன காட்ட வேண்டும்? சொன்னது தன்னைப் பற்றித்தான், அதனால் பிறர் பார்வையில் தன் மதிப்பு குறைந்தது என்று காட்ட வேண்டும். பிரதிவாதிக்கு மிகப் பெரிய கேடயம் உண்மை. சொன்னது உண்மை என்று நிரூபித்துவிட்டால் அயர்லாந்தில் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். ஒருவர் லஞ்சம் வாங்கினாரா இல்லையா என்பதை நீதிமன்றம் சாட்சி வைத்து விசாரிக்கலாம். கடவுள் கருணையுள்ளவரா இல்லையா என்பதை எந்தச் சாட்சியைக் கூப்பிட்டு விசாரிப்பது? உண்மையைத் தற்காப்பாக வைக்கவே முடியாத குற்றத்துக்கு அவதூறோடு உறவு இல்லை. கடவுளின் பெயர் கெட்டுவிடும் என்று பக்தர்களும் நினைப்பதில்லை. காக்கப்படுவது அடியார்களின் மனம். மனப் புண்ணைக் காப்பது நல்ல பண்பு, ஆனால் அதைச் சிறைக்கதவால் காக்க முடியுமா என்பதே கேள்வி.

அப்பா தேவாரம் அறிந்தவராக இருந்தால் இன்னும் எளிது. சுந்தரர் இறைவனைக் கூப்பிட்ட முதல் சொல் 'பித்தா'. திட்டுவதுபோல் துதிக்கும் நிந்தாஸ்துதிக்கு நம் மொழியில் நீண்ட மரபு உண்டு. சொல்லை மட்டும் எடுத்துக் காவல் நிலையத்தில் கொடுத்தால் எது துதி, எது நிந்தை என்று எழுத்தர் எப்படிப் பிரிப்பார்? மனிதர்களைத் தாக்கவோ துரத்தவோ தூண்டும் பேச்சு வேறு. அதற்கு அயர்லாந்தில் 1989ஆம் ஆண்டு வெறுப்புத் தூண்டல் தடைச் சட்டம் இருக்கிறது. அது காப்பது சமயத்தை அல்ல, சமயத்தைப் பின்பற்றும் மனிதர்களை. இந்தத் தூண்டலை எப்படி அளப்பது என்பதற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் ரபாத் செயல்திட்டம் 2012இல் ஆறு உரைகற்களைத் தந்தது: சூழல், பேசியவர், நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவல், தீங்கு நேரும் வாய்ப்பு. கேட்டவரின் கோபம் அந்த ஆறில் இல்லை. அரசமைப்பு மாநாட்டில் மெல்லிய பெரும்பான்மையினர், மதநிந்தனை இருந்த இடத்தில் சமய வெறுப்புத் தூண்டலை வைக்க விரும்பினார்கள். அரசு அதை ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்பது என் கருத்து. ஒரு குற்றத்தை அரசமைப்பில் பதித்த தவறைத் திருத்தப் போய், வேறொரு குற்றத்தை அதே இடத்தில் பதிக்கக் கூடாது.

அவதூறுச் சீர்திருத்தம் முற்றிலும் வேறு குணம் கொண்ட வேலை என்பதை உங்கள் கட்டுரை தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும். மதநிந்தனையை வெட்டி எறியலாம். அவதூறை அப்படி எறிய முடியாது. அதே அரசமைப்பின் 40.3.2ஆம் உறுப்பு ஒவ்வொரு குடிமகனின் உயிர், உடல், நற்பெயர், சொத்து ஆகியவற்றைக் காக்கும்படி அரசுக்குச் சொல்கிறது. எனவே குற்ற வழக்கை ஒழித்த பிறகும் சிவில் வழக்கு இருந்தே தீர வேண்டும். அங்கே கேள்வி எடை போடுவது பற்றியது. ஜூரிகள் அள்ளிக் கொடுக்கும் இழப்பீட்டுத் தொகையே நெடுநாளாகப் பத்திரிகைகளின் தலைவலி. ஒரு வழக்கில் ஜூரி 18,72,000 யூரோ விதித்தது. உச்ச நீதிமன்றம் அதை 12,50,000 ஆகக் குறைத்தது. அப்போதும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017இல், மிகையான தொகைக்கு எதிரான பாதுகாப்பு போதவில்லை என்று அயர்லாந்தைக் குறை கூறியது. ஜூரியை நீக்கவும், வாயடைப்பதற்காகவே தொடுக்கும் வழக்குகளைத் தொடக்கத்திலேயே தள்ளவும் வழிசெய்யும் திருத்த மசோதா 2024இல் முன்வைக்கப்பட்டது. அபராதம் வேண்டாம், சிறை வேண்டாம் என்று மகிழ்கிறவர்கள், பன்னிரண்டு லட்சம் யூரோ ஓர் இதழுக்குச் சிறையைவிடக் கொடியது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

295ஏ பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய அரசமைப்பின் 19(2)ஆம் உறுப்பு பேச்சுரிமைக்கு விதிக்கத்தக்க கட்டுப்பாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் அவதூறு பெயர் சொல்லி இருக்கிறது, மதநிந்தனை இல்லை. 1927இல் வந்த 295ஏ பிரிவை 1957இல் உச்ச நீதிமன்றம் ராம்ஜி லால் மோடி வழக்கில் பொது ஒழுங்கு என்ற தலைப்பின் கீழ்தான் காப்பாற்றியது, அதுவும் வேண்டுமென்றே தீய நோக்கத்தோடு செய்ததை மட்டுமே அது தண்டிக்கிறது என்று சொல்லி. அந்தப் பட்டியல் விதிக்கலாம் என்கிறது, விதித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆகவே இப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக இருக்கும் அதை மாற்ற வாக்கெடுப்போ அரசமைப்புத் திருத்தமோ தேவையில்லை. சாதாரணச் சட்டமே போதும். அந்த வகையில் நம் பாதை அயர்லாந்தைவிட எளிது. ஆனால் அங்கே நீக்கியது தூங்கிய சட்டத்தை; இங்கே இருப்பது வாரண்ட் இல்லாமல் கைது செய்ய அனுமதிக்கிற, ஜாமீனை உரிமையாகத் தராத, அன்றாடம் விழித்திருக்கிற சட்டம். நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு ஏற்க அரசின் முன் அனுமதி வேண்டும். கைது செய்ய அந்த அனுமதி தேவையில்லை. அந்த அனுமதியைக் கைதுக்கு முன்னால் நகர்த்துவதே முதலில் கேட்க வேண்டிய, கிடைக்கவும் கூடிய திருத்தம் என்று நினைக்கிறேன். குற்றவியல் அவதூறை 2016இல் உச்ச நீதிமன்றம் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் செல்லுபடியாகும் என்று அறிவித்துவிட்டதால், அங்கேயும் இப்போதைக்கு நாடாளுமன்றம்தான் வாசல்.

கட்டுரைக்கு ஒரு யோசனை. அயர்லாந்தின் 40.6.1ஆம் உறுப்பை இன்றைய வடிவில் எடுத்துப் பாருங்கள். மதநிந்தனை போய்விட்டது, அரசுக்கு எதிரான தூண்டலும் ஆபாசமும் அதே கட்டளைத் தொனியில் இன்னும் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டுச் சட்டம் ராஜத்துரோக லைபலையும் ஆபாச லைபலையும் ஒழித்த பிறகும் அரசமைப்புக் கட்டளை அப்படியே நிற்கிறது. ராஜத்துரோக ஆவணங்களைப் பொறுத்தவரை 1939ஆம் ஆண்டு அரசுக்கு எதிரான குற்றங்கள் சட்டம் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறது. ஆபாசத்தின் இடத்தை எந்தச் சட்டங்கள் நிரப்புகின்றன, அவற்றில் வரையறை இருக்கிறதா என்று தேடுங்கள். 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பின் தர்க்கத்தை அந்தச் சொல்லுக்குப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதை உங்கள் கடைசி அத்தியாயமாக வைக்கலாம்.